படுக்கையறைச் சுவருக்கு மறுபுறம் மீட்டர் அறை, சன்னலுக்கு எதிரே செல்பேசிக் கோபுரம்: இவற்றில் எதற்குக் கவலைப்பட வேண்டும்?

கார்முகில் (கேள்வி)

வணக்கம். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில் ஒரு வீட்டைப் பார்த்து, ஏறக்குறைய முடிவும் செய்துவிட்டோம். முன்பணம் கொடுப்பதற்குமுன் ஒரு விஷயத்தில் மட்டும் தெளிவு வேண்டியிருப்பதால், துறை அறிந்தவர்களிடம் கேட்கலாம் என்று எழுதுகிறேன். குழந்தைகளுக்கென்று நாங்கள் நினைத்திருக்கும் படுக்கையறையின் ஒரு சுவருக்கு மறுபுறம் கட்டடம் முழுவதற்குமான மீட்டர் அறை உள்ளது. எல்லா வீடுகளுக்கும் செல்லும் மின்கம்பிகள் அந்தச் சுவரை ஒட்டித்தான் மேலேறுகின்றன. அதே அறையின் சன்னலைத் திறந்தால், எதிர்க் கட்டடத்தின் மொட்டைமாடியில் செல்பேசிக் கோபுரம் தெரிகிறது.

என் மைத்துனர் காந்தப்புலம் அளக்கும் சிறிய கருவி ஒன்றைக் கொண்டுவந்து மாலை நேரத்தில் அளந்து பார்த்தார். சுவரைத் தொட்டாற்போல் வைத்தபோது 38 என்று காட்டியது. தலையணை வரக்கூடிய இடத்தில், அதாவது சுவரிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்தபோது 10. இரண்டு மீட்டர் தள்ளி, எதிர்ச்சுவர் அருகே, 1-க்கும் கீழே. "0.4-ஐத் தாண்டினாலே குழந்தைகளுக்கு இரத்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு இரட்டிப்பாகிவிடும், இங்கே 38 காட்டுகிறது" என்று அவர் சொன்னதிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. போதாக்குறைக்கு, செல்பேசி அலைகளை உலக சுகாதார நிறுவனமே புற்றுநோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது என்று உறவினர் ஒருவர் செய்தி அனுப்பியிருக்கிறார்.

இந்த வீட்டை விட்டுவிட வேண்டுமா? கோபுரம், மீட்டர் அறை, வீட்டுக்குள் இருக்கும் வைஃபை ரவுட்டர் ஆகிய மூன்றில் எது உண்மையில் பொருட்படுத்தத் தக்கது? கதிர்வீச்சைத் தடுக்கும் என்று விற்கப்படும் ஒட்டிகளும் சுவர்ப்பூச்சும் பயன் தருமா? அச்சமூட்டும் பதில்களும் வேண்டாம், "ஒன்றுமே இல்லை" என்று தட்டிக்கழிக்கும் பதில்களும் வேண்டாம். தெரிந்ததை உள்ளபடி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓம்விதி

வணக்கம் நண்பரே. கட்டடங்களின் மின்னமைப்பு என் தொழில் என்பதால் மீட்டர் அறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கோபுரத்தைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும்.

முதலில், உங்கள் மைத்துனர் வைத்திருக்கும் கருவி எந்த அலகில் காட்டுகிறது என்று பாருங்கள். கடைகளில் கிடைக்கும் சிறிய கருவிகள் பெரும்பாலும் மில்லிகாஸ் அலகில் காட்டுபவை; நீங்கள் சொல்லும் எண்களும் அதற்குத்தான் பொருந்துகின்றன. அவர் சொன்ன 0.4 என்பதோ மைக்ரோடெஸ்லா. 10 மில்லிகாஸ் சேர்ந்தது 1 மைக்ரோடெஸ்லா. ஆகவே உங்கள் சுவரில் இருப்பது 3.8 மைக்ரோடெஸ்லா, தலையணை இடத்தில் 1, எதிர்ச்சுவர் அருகே 0.1-க்கும் கீழே. வீடுகளில் பொதுவாக நிலவும் சராசரிக் காந்தப்புலம் ஐரோப்பாவில் ஏறத்தாழ 0.07, வட அமெரிக்காவில் 0.11 மைக்ரோடெஸ்லா என்று உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. அதாவது உங்கள் அறையின் மறுகோடி எந்தச் சாதாரண வீட்டையும் போன்றதே.

அடுத்து, அந்த 0.4 எங்கிருந்து வந்தது என்பது. 1979-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் நான்சி வெர்தைமர், எட் லீப்பர் ஆகிய இருவரும், மின்கம்பிகளுக்கு அருகில் வாழ்ந்த குழந்தைகளிடம் புற்றுநோய் சற்று மிகுதியாக இருந்ததாக ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதைத் தொடர்ந்து பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை 2000-ஆம் ஆண்டில் ஆல்பொம் என்பவரும் உடனாய்வாளர்களும் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தபோது, வீட்டின் சராசரிக் காந்தப்புலம் 0.4 மைக்ரோடெஸ்லாவுக்குக் குறைவாக இருந்த குழந்தைகளிடம் எந்த வேறுபாடும் தென்படவில்லை. அதற்கு மேல் இருந்த மிகச் சிறிய பிரிவில் மட்டும் இரத்தப் புற்றுநோய் ஏறத்தாழ இருமடங்காகத் தெரிந்தது. அந்தப் பிரிவில் இருந்தவர்கள், ஒப்பிடுவதற்காகச் சேர்க்கப்பட்ட நோயற்ற குழந்தைகளையும் உள்ளடக்கிய மொத்தக் குழந்தைகளில் ஒரு விழுக்காடுகூட இல்லை. நோயுற்ற மூவாயிரத்துச் சொச்சம் குழந்தைகளில் 44 பேர்தான் அந்த வரம்புக்கு மேல் இருந்தவர்கள். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில், ஆய்வுக்கு ஒத்துழைத்த குடும்பங்களுக்கும் மறுத்த குடும்பங்களுக்கும் இடையிலான வேறுபாடுகூட முடிவை ஒருபக்கம் சாய்த்துவிடக்கூடும் என்பதை அந்த ஆய்வாளர்களே எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இதைப் புறந்தள்ளாமல், 2002-இல் வெளியிட்ட தன் மதிப்பீட்டில் இந்தத் தாழ் அதிர்வெண் காந்தப்புலத்தை "புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம்" என்னும் 2பி பிரிவில் வைத்தது.

இருமடங்கு என்றால் எதற்கு இருமடங்கு என்பதும் தெரிய வேண்டும். குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய் பல நாடுகளில் ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளில் ஏறத்தாழ 4 அல்லது 5 பேரைப் பாதிக்கும் அரிய நோய். அந்தத் தொடர்பு உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், அது 8 அல்லது 10 ஆகிறது. இங்கிலாந்தில் உயரழுத்த மின்கம்பிகளின் அருகே பிறந்த குழந்தைகளைப் பற்றிய நீண்ட ஆய்வு ஒன்று உண்டு. 2005-இல் அதில் தெரிந்த மிகை, பின்னர் 2014-இல் பத்தாண்டு பத்தாண்டாகப் பிரித்துப் பார்த்தபோது, 1960-களிலும் 70-களிலும் மட்டும் தெரிந்து, அதற்குப் பிந்தைய காலத்தில் தேய்ந்து மறைந்துவிட்டது. காந்தப்புலமே காரணமாக இருந்திருந்தால் அது ஏன் காலத்தோடு மறைய வேண்டும் என்ற கேள்விக்கு யாரிடமும் நேரான பதில் இல்லை. என்னைக் கேட்டால், இந்த முழு விவகாரத்திலும் அறிவியல் இன்னும் கணக்கை முடிக்காமல் வைத்திருக்கும் பக்கம் இது ஒன்றுதான். மற்றவற்றைவிட இதைச் சற்று மதித்து நடந்துகொள்வதில் தவறில்லை.

உங்கள் அறையில் என்ன செய்யலாம் என்றால், கட்டிலை எதிர்ச்சுவருக்கு மாற்றுங்கள். அவ்வளவுதான். காந்தப்புலம் செங்கல்லையும் சிமெண்டையும் இல்லாததுபோல் கடந்து வரும். எந்தப் பூச்சும் அதைத் தடுக்காது. ஆனால் தொலைவு கூடக்கூட மிக விரைவாக மெலிந்துவிடும். போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் அருகருகே ஓடும்போது அவற்றின் புலங்கள் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்வதால், தொலைவு இரட்டிப்பானால் புலம் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகக் குறையும். நீங்கள் தந்த 38, 10, 1 என்னும் வரிசையே இதற்குச் சாட்சி. மீட்டர் அறைச் சுவரோரத்தில் அலமாரியோ புத்தக அடுக்கோ வைத்துக்கொள்ளலாம். அங்கே யாரும் எட்டு மணி நேரம் படுத்திருக்கப் போவதில்லை. ஆய்வுகள் பேசுவது நாள் முழுவதுக்குமான சராசரியையே தவிர, ஒரு நொடியில் கருவி காட்டும் உச்சத்தை அன்று. எல்லா வீட்டிலும் விளக்கும் குளிர்சாதனமும் ஓடும் மாலையில் அளந்திருக்கிறீர்கள். பின்னிரவிலும் ஒருமுறை அளந்து பாருங்கள், எண் இறங்கியிருக்கும்.

அறையின் நடுவிலும் தொலைவோடு குறையாமல் ஒரே அளவாக நின்றால் மட்டும் ஒரு மின்பணியாளரை அழையுங்கள். போகும் மின்னோட்டம் ஒரு வழியிலும் திரும்பும் மின்னோட்டம் வேறொரு வழியிலும் செல்லும்படி நியூட்ரல் கம்பி எங்கேயோ தவறாக இணைக்கப்பட்டிருக்கலாம். புற்றுநோய்ப் பேச்சை விடுங்கள், தீப்பாதுகாப்புக்காகவே சரிசெய்ய வேண்டிய கோளாறு அது.

வெண்ணிலவன்

ஓம்விதி ஐயா எழுதியதை முழுவதும் ஏற்கிறேன். கோபுரம், வைஃபை, செல்பேசி ஆகியவை வேறு வகை. அவற்றின் அதிர்வெண் மின்கம்பியைப்போல் நொடிக்கு 50 (50 ஹெர்ட்ஸ்) அன்று, நொடிக்குக் கோடிக்கணக்கில். இரண்டையும் ஒரே கூடையில் போட்டுப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

எக்ஸ் கதிரும் காமாக் கதிரும் டி.என்.ஏ.வைச் சிதைப்பது, அவற்றின் ஒவ்வோர் ஒளித்துகளும் ஓர் எலெக்ட்ரானை அணுவிலிருந்து பிய்த்தெறியும் ஆற்றல் கொண்டிருப்பதால். அதற்கு ஏறத்தாழ 10 எலெக்ட்ரான் வோல்ட் தேவை. வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு துகளிடம் இருப்பது 0.00001 எலெக்ட்ரான் வோல்ட், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. எண்ணிக்கை கூடினால் ஆற்றல் சேராதா என்று கேட்பார்கள். தூறல் எத்தனை நாள் பெய்தாலும் ஓடு உடைவதில்லை, ஆலங்கட்டி விழுந்தால்தான் உடையும். இந்த அலைகளால் உடலில் நிகழும் ஐயத்துக்கிடமில்லாத விளைவு, திசு சற்றே சூடாவது. பன்னாட்டு அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம், உடல் முழுவதுமாக ஒரு கிலோவுக்கு 4 வாட் உள்வாங்கினால் உடல் வெப்பம் ஏறத்தாழ ஒரு பாகை உயரும் என்பதை அடிப்படையாகக் கொண்டு, அதில் ஐம்பதில் ஒரு பங்கான 0.08 வாட்டைப் பொதுமக்களுக்கான வரம்பாக வைத்திருக்கிறது.

கோபுரத்தைப் பொறுத்தவரை, அதன் அலைக்கற்றை கலங்கரை விளக்கத்தின் ஒளிபோல் ஏறக்குறைய கிடைமட்டமாக, சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்து, தொலைவை நோக்கிப் போகிறது. காலடியில் இருக்கும் வீடுகளுக்கு மிகக் குறைவாகவே வந்து சேரும். தரைத்தளத்தில் இருக்கும் நீங்கள் பெறுவது, ஆண்டெனாவின் அதே உயரத்தில் நேர் எதிரே சில மீட்டர் தொலைவில் இருப்பவர் பெறுவதைவிடப் பன்மடங்கு குறைவு. கோபுரங்களுக்கு அருகில் மக்கள் புழங்கும் இடங்களில் அளந்தபோது கிடைத்தவை பன்னாட்டு வரம்பில் 0.002 முதல் 2 விழுக்காடு வரை என்று உலக சுகாதார நிறுவனம் 2006-இல் எழுதியிருந்தது.

ரவுட்டரை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். அது 0.1 வாட் திறனை இடைவிடாமல் எல்லாத் திசையிலும் வெளியிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். உண்மையில் பெரும்பாலான நேரம் அது சும்மாதான் இருக்கும். ஒரு மீட்டர் தொலைவில் அது சதுர மீட்டருக்கு 0.008 வாட். அந்த அதிர்வெண்ணுக்கான பொதுமக்கள் வரம்பு சதுர மீட்டருக்கு 10 வாட். ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

நீங்கள் கேட்காத நான்காவது பொருள்தான் இந்த மூன்றையும்விட உங்கள் தலைக்கு அதிக ஆற்றலைத் தருகிறது: காதோடு ஒட்டிய செல்பேசி. இங்கே எதிர்பாராத ஒரு கணக்கு உண்டு. செல்பேசி தன் திறனைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். கோபுரம் அருகில் இருந்து சமிக்ஞை நன்றாகக் கிடைத்தால் அது மிகக் குறைந்த திறனில் பேசும். மின்தூக்கியிலும் நிலவறையிலும் சமிக்ஞைக் கோடு ஒன்றே ஒன்று தெரியும்போதும், முழுத் திறனையும் செலுத்தி கோபுரத்தைத் தேடும். ஆகவே எதிரே கோபுரம் இருக்கும் வீட்டில் வாழ்பவரின் தலைக்கு மொத்தத்தில் குறைவாகவே போய்ச்சேரும் என்பது கோபுரத்துக்கு எதிராகக் கூட்டம் கூட்டுபவர்கள் விரும்பாத உண்மை.

2பி பட்டியல் பற்றி ஒரு சொல். செல்பேசி அலைகள் அதில் சேர்க்கப்பட்டது 2011 மே மாதம். முழு இலைக் கற்றாழைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அந்தப் பிரிவு சான்று எவ்வளவு திடமானது என்பதைத் தரம் பிரிக்கிறதே ஒழிய, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அன்று.

நெடுவழி

மேலே எழுதிய இருவருடைய நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. எனினும் கேள்வி கேட்டவர் ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் போகக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

வரம்புகளை வகுக்கும் அந்த ஆணையம் அரசு அமைப்பு அன்று. தன் உறுப்பினர்களைத் தானே தேர்ந்துகொள்ளும் தனி அமைப்பு. அது கணக்கில் கொள்வது, உறுதிப்பட்ட உடனடி விளைவுகளை மட்டுமே. நீண்டகால விளைவு ஒன்று இருந்தால், வெப்பத்தை மட்டும் அளக்கும் கோலில் அது எப்படித் தெரியும்? 13 நாடுகளில் நடந்து 2010-இல் வெளியான இன்டர்ஃபோன் ஆய்வில், மொத்தம் 1640 மணி நேரத்துக்கு மேல் செல்பேசியில் பேசியவர்களிடம் கிளையோமா என்னும் மூளைக்கட்டி 40 விழுக்காடு மிகுதியாகத் தெரிந்தது. 1640 மணி நேரம் என்பது பத்தாண்டுகளுக்கு நாள்தோறும் அரைமணி நேரம்தான். இன்று பள்ளி மாணவர்களே அதைத் தாண்டிவிடுகிறார்கள். அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2018-இல் வெளியிட்ட முடிவில், அலைகளுக்கு உட்படுத்தப்பட்ட ஆண் எலிகளின் இதயத்தில் ஷ்வானோமா என்னும் கட்டி உண்டாவதற்குத் "தெளிவான சான்று" இருப்பதாகவே சொல்லியிருக்கிறது. அதே ஆண்டில் இத்தாலியின் ராமசினி நிறுவனமும் அதே வகைக் கட்டியைக் கண்டதாக எழுதியது. இவை இணையத்தில் உலவும் வதந்திகள் அல்ல.

கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தீங்கானது என்று ஏற்றுக்கொள்ள எத்தனை பத்தாண்டுகள் ஆயின என்பதை நாம் அறிவோம். குழந்தைகளின் மண்டையோடு மெல்லியது. அவர்கள் வாழ்நாள் முழுவதும் இந்த அலைகளிடையே இருக்கப் போகிறவர்கள். வீடு இன்னும் முடிவாகவில்லை என்னும்போது, வேறு வீடு பார்ப்பதால் என்ன இழப்பு?

ஓம்விதி

நெடுவழி அவர்கள் குறிப்பிட்ட ஆய்வுகள் அனைத்தும் உண்மையானவை. அவற்றை மறைத்துப் பேசுவது தவறு. ஆனால் அவற்றின் மறுபாதியையும் சொல்ல வேண்டும்.

எலி ஆய்வில், கருவில் இருந்த நாள் முதல் இரண்டு ஆண்டுகள், நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம், எலியின் முழு உடலிலும் கிலோவுக்கு 1.5 முதல் 6 வாட் வரை செலுத்தினார்கள். பொதுமக்களுக்கான முழு உடல் வரம்பு 0.08 வாட் என்று வெண்ணிலவன் எழுதியிருக்கிறார். அதாவது அந்த ஆய்வின் மிகக் குறைந்த அளவே நம் வரம்பைப்போல் 18 மடங்குக்கு மேல். கட்டி தெளிவாகக் காணப்பட்டது ஆண் எலிகளிடம் மட்டும். பெண் எலிகளிடமும் சுண்டெலிகளிடமும் அப்படிச் சொல்ல முடியவில்லை. இன்னும் விந்தை என்னவென்றால், அலைகளுக்கு உட்பட்ட ஆண் எலிகள் உட்படாதவற்றைவிட நீண்ட நாள் உயிரோடிருந்தன. இதை வைத்து அலைகள் ஆயுளைக் கூட்டும் என்று யாரும் சொல்லத் துணிவதில்லை. அதே நிதானத்தை மறுபக்கத்துக்கும் காட்டத்தான் வேண்டும்.

இன்டர்ஃபோன் ஆய்வில், நோயாளிகளிடம் பல ஆண்டுகளுக்குமுன் எவ்வளவு நேரம் பேசினீர்கள், எந்தக் காதில் வைத்துப் பேசினீர்கள் என்று கேட்டுத்தான் கணக்கெடுத்தார்கள். மூளைக்கட்டி வந்த ஒருவர் காரணத்தைத் தேடியே நினைவுகூர்வார். அந்த உச்சப் பிரிவில் சிலர் சொன்ன நேரங்கள் நம்பத்தக்கவையாக இல்லை என்று ஆய்வாளர்களே குறித்திருக்கிறார்கள். மேலும் அதே ஆய்வில், செல்பேசியை வழக்கமாகப் பயன்படுத்தியவர்களுக்கு மொத்தத்தில் கட்டி குறைவாக வந்ததாகத் தெரிந்தது. செல்பேசி மூளையைக் காக்கிறது என்பதா இதன் பொருள்? கணக்கெடுத்த முறையில் ஏதோ சாய்வு இருந்தது என்பதுதான்.

அந்தக் குறையை நீக்க வேண்டும் என்றே, நோய் வருவதற்கு முன்னரே ஆட்களைச் சேர்த்து ஆண்டுக்கணக்கில் தொடரும் காஸ்மோஸ் என்னும் ஆய்வு ஐரோப்பாவில் தொடங்கப்பட்டது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து 2024-இல் வெளியான அதன் முடிவில், அதிகம் பேசியவர்களுக்கும் குறைவாகப் பேசியவர்களுக்கும் மூளைக்கட்டியில் வேறுபாடு இல்லை. அதே ஆண்டில், உலக சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளின்படி 63 ஆய்வுகளை ஒன்றாக ஆராய்ந்த மதிப்பாய்வும் இதே முடிவுக்குத்தான் வந்தது. இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது நாடுகளின் புற்றுநோய்ப் பதிவேடுகள்: செல்பேசி ஏறக்குறைய ஒவ்வொருவர் கையிலும் வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பின்னரும், வட ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ அந்தப் பரவலைப் பின்தொடர்ந்து மூளைக்கட்டி எண்ணிக்கை ஏறவில்லை. 40 விழுக்காடு மிகுதி என்பது உண்மையாக இருந்தால், இத்தனை கோடிப் பேரிடம் அது ஒளிந்துகொண்டிருக்க முடியாது.

வேறு வீடு பார்ப்பதால் என்ன இழப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். இழப்பு எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அடுத்த வீட்டின் சுவருக்குள் எந்தக் கம்பி ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்? இங்கே மூலம் எது, எவ்வளவு, எங்கே தேய்கிறது என்பதை அளந்தே பார்த்துவிட்டோம். கட்டிலை நகர்த்தினால் தீரும் விஷயம். பெருஞ்செலவில்லாத முன்னெச்சரிக்கை நல்லது, ஆனால் ஆதாரமின்றி வரம்புகளை அடிமட்டத்துக்கு இறக்குவது தேவையில்லை என்று 2007-இல் உலக சுகாதார நிறுவனம் தாழ் அதிர்வெண் புலங்களைப் பற்றிச் சொன்ன நிலைப்பாடும் ஏறக்குறைய இதுவே.

ஒட்டி, பூச்சு பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆண்டெனாவை மறைக்கும் ஒட்டி உண்மையிலேயே வேலை செய்தால், செல்பேசி திறனைக் கூட்டிக்கொள்ளும். வேலை செய்யாவிட்டால் பணம் வீண். பூச்சு மின்கம்பியின் காந்தப்புலத்தைத் தடுக்காது என்று முன்னரே சொன்னேன். இதே பெயரில் விற்கப்படும் பதக்கம் இன்னும் மோசம். நெதர்லாந்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2021 டிசம்பரில், 5ஜி அலையிலிருந்து காப்பதாக விற்கப்பட்ட பத்துப் பொருட்களை ஆராய்ந்தபோது, கழுத்தணி, காப்பு, தூங்கும்போது அணியும் கண்மறைப்பு ஆகியவற்றிலிருந்து உண்மையான அயனியாக்கும் கதிர்வீச்சே வெளிப்படுவதைக் கண்டு, அவற்றைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிடும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது. இல்லாத ஆபத்துக்குப் பயந்து, இருக்கிற ஆபத்தைக் காசு கொடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

நெடுவழி

நினைவு சார்ந்த கணக்கெடுப்பின் குறையை ஏற்றுக்கொள்கிறேன். காஸ்மோஸ் ஆய்வில் பெரும்பாலோர் தொடரப்பட்டது ஏழாண்டுக் காலம்தான் என்பதையும், சிறுவயது முதல் பயன்படுத்தியவர்களைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை என்பதையும் மட்டும் பதிவு செய்கிறேன். குழந்தைகளிடம் செல்பேசியைக் கொடுக்கும்போது காதில் வைக்க விடாமல் ஒலிபெருக்கியில் பேசச் சொல்லுங்கள் என்பதில் நாம் மூவரும் ஒத்துப்போவோம் என நம்புகிறேன்.

வெண்ணிலவன்

அதில் மாற்றுக்கருத்தே இல்லை. உடலிலிருந்து 30, 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தாலே தலைக்குச் சேருவது வெகுவாகக் குறைந்துவிடும். இரவில் தலையணைக்கடியில் செல்பேசியை வைப்பதை நிறுத்தச் சொல்வேன். அதற்கு அலைகளைவிடச் சூடேறும் மின்கலமும் கெடும் தூக்கமும்தான் எனக்குப் பெரிய காரணங்கள்.

கார்முகில்

அனைவருக்கும் நன்றி. கருவியின் திரையில் ஓரத்தில் மில்லிகாஸுக்கான எழுத்துகள் சிறிதாக இருப்பதை இப்போதுதான் கவனித்தோம். பின்னிரவில் அளந்ததில் தலையணை இடத்திலேயே 4 தான் காட்டியது; அறையின் நடுவில் கருவி ஏறக்குறைய பூஜ்யத்தை விட்டு அசையவே இல்லை. கட்டிலை எதிர்ச்சுவருக்கு மாற்றுவதாக முடிவு செய்து, வீட்டையும் உறுதி செய்துவிட்டோம்.

இன்னும் இரண்டு கேள்விகள் மட்டும். எங்களோடு இருக்கப்போகும் என் மாமியாருக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருக்கிறார்கள். புதிய வீட்டின் சமையலறையில் இண்டக்‌ஷன் அடுப்பு இருக்கிறது. அவர் சமைக்கலாமா? இரண்டாவது, என் மனைவியின் தங்கைக்கு வைஃபை ஓடும் அறையில் உட்கார்ந்தால் தலைவலியும் படபடப்பும் வருகின்றன. அவர் நடிக்கவில்லை என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

மருதம்

நான் மருத்துவமனையில் இதயநோய்ப் பிரிவில் பணிபுரிகிறேன். இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். அவர் நடிக்கவில்லை, தலைவலி உண்மை, படபடப்பும் உண்மை. அலை இருக்கிறதா இல்லையா என்பது ஆய்வாளருக்கும் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாதபடி நடத்தப்பட்ட 46 பரிசோதனைகளை 2010-இல் ஒருசேர ஆராய்ந்தபோது, இவ்வாறு துன்பப்படுபவர்கள் அலை இருப்பதை இனங்காணவும் இல்லை, அலை இருந்தபோது மட்டும் அவர்களுக்கு அறிகுறி கூடவும் இல்லை. போலி அலைக்கும் தலைவலி வந்தது. தீங்கு வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பே உடலில் தீங்கை உணர வைக்கும் என்பது மருத்துவத்தில் நன்கு அறியப்பட்டது. அதற்காக அவரிடம் "எல்லாம் உன் மனதில்தான்" என்று சொல்லிவிடாதீர்கள். அது கொடுமை, பயனும் தராது. இரத்த அழுத்தம், இரத்தசோகை, தைராய்டு, பார்வைக் குறை, உறக்கம் ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரவுட்டர்மீது பழியைப் போட்டுவிட்டு, சரிசெய்யக்கூடிய ஒரு காரணம் ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாமல் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பேஸ்மேக்கர் விஷயத்தில், இந்த இழை முழுவதிலும் பேசப்பட்டவற்றில் உடனடி விளைவு நிகழக்கூடிய இடம் அதுவே என்பதால் சற்றுக் கவனமாகப் படியுங்கள். அந்தக் கருவி இதயத்தின் மிகச் சிறிய மின்துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அருகில் வலிய புலம் இருந்தால் அதையே இதயத்துடிப்பு என்று எண்ணி, துடிப்பைத் தூண்டுவதைத் தற்காலிகமாக நிறுத்திவிடக்கூடும். விலகிப்போனால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். இண்டக்‌ஷன் அடுப்பு இயங்கும்போது, பொருத்தியிருக்கும் மார்புப் பகுதி அடுப்பிலிருந்து 60 சென்டிமீட்டராவது விலகியிருக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. நின்றுகொண்டு பின்னடுப்பில் இருக்கும் பாத்திரத்தைக் குனிந்து கிளறும்போது இந்த இடைவெளி போய்விடும். ஆகவே வழக்கமாகச் சமைப்பவர் அவரென்றால் எரிவாயு அடுப்போ சாதாரண மின்னடுப்போ வசதி. மைக்ரோவேவ் அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி, ரவுட்டர் ஆகியவற்றை அஞ்ச வேண்டியதில்லை. செல்பேசியைச் சட்டைப்பையிலோ ரவிக்கைக்குள்ளோ வைக்காமல், கருவியிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி, மறுபுறக் காதில் வைத்துப் பேசச் சொல்லுங்கள். காந்தம் பதித்த புதிய செல்பேசிகளும் காதொலிப்பான் பெட்டிகளும் நேராக மார்பின்மேல் பட்டால் கருவியை வேறு நிலைக்கு மாற்றிவிடக்கூடும் என்பதால் அவற்றுக்கும் இதே இடைவெளி. கடைவாசல்களில் இருக்கும் திருட்டுத் தடுப்பு வாயிலை இயல்பாக நடந்து கடக்கலாம்; அதில் சாய்ந்துகொண்டு நிற்கக் கூடாது.

எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால், பேஸ்மேக்கர் இருப்பதை முதலிலேயே சொல்லி, பொருத்தியபோது கொடுத்த அடையாள அட்டையைக் காட்டுங்கள், எம்.ஆர்.ஐ.யைத் தாங்கும் வகையும் உண்டு, தாங்காத வகையும் உண்டு. அந்த அட்டையில் இருக்கும் கருவியின் பெயரையும் மாதிரி எண்ணையும் அடுத்த பரிசோதனையின்போது மருத்துவரிடம் காட்டி, அடுப்புக்கான இடைவெளியை அந்தக் கருவிக்கென்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை அவரை முன்னடுப்பை மட்டும், கையை நீட்டிப் பயன்படுத்தச் சொல்லலாம்.